கிலுகிலுப்பைப் பாத்தி: மைசூர் மனையில் ஒரு புல்வெளிக் காட்டுப்பூ

மேலை நாட்டுத் தோட்டக்கலை நூல்களில் புல்வெளிக் காட்டுப்பூ என்றதும் முதலில் பேசப்படுவது லூபின் என்னும் அவரைக் குடும்பச் செடியாகும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மணற்பாங்கான வெளிகளில் தானே வளரும் லூபினஸ் பெரென்னிஸ் என்ற பல்லாண்டு இனத்தின் இலையை மட்டுமே தின்று வளரும் கார்னர் நீலன் என்ற சிறு வண்ணத்துப்பூச்சி, அவ்வெளிகள் சுருங்கியதால் அருகிப்போய், 1992-இல் அமெரிக்க அரசின் அழிநிலை உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குளிர்ந்த பருவத்தை நம்பி வாழும் அந்தச் செடியை மைசூரின் ஏப்ரல் வெயிலில் காப்பாற்றுவது வீண்வேலை. விதைப் பொட்டலங்களில் விற்கப்படும் தோட்ட லூபின்களும் உதகை போன்ற மலையூர்களுக்கே ஏற்றவை. ஆனால் அதே குடும்பத்தில், அதே வகையான நிமிர்ந்த பூங்கதிரும், அதே கடினமான விதையும், அதேபோன்ற நச்சுத் தற்காப்பும் கொண்ட கிலுகிலுப்பை, தக்காணத்தின் தரிசுகளிலும் புதர் மண்டிய புல்வெளிகளிலும் யாரும் நடாமலே பூத்துக்கொண்டிருக்கிறது. அதை வீட்டு மனையில் வளர்க்கும் முறையை இந்த அத்தியாயம் விளக்குகிறது.

எந்தக் கிலுகிலுப்பை?

கிலுகிலுப்பை என்பது ஒரே செடியின் பெயரன்று. உலகெங்கும் ஏறத்தாழ 700 இனங்களைக் கொண்ட குரோட்டலேரியா என்ற பேரினத்தில், காய் முற்றியதும் உள்ளே விதை கழன்று ஓசையிடும் செடிகள் பலவும் தமிழில் இப்பெயரால் வழங்குகின்றன. பாத்தியில் பல ஆண்டுகள் நிலைக்க வேண்டுமானால் குரோட்டலேரியா லாபர்னிஃபோலியா என்ற இனமே பொருத்தமானது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இது இடுப்பளவுக்கு மேல் வளரும் குறுஞ்செடி. நீண்ட காம்பில் மும்மூன்று சிற்றிலைகளைத் தாங்குவது. பச்சை கலந்த மஞ்சள் பூவின் கீழிதழ் கூரிய அலகாக நீள்வதால் கதிரில் சிறு பறவைகள் தொங்குவதுபோன்ற தோற்றம் தருவது.

வேறு இனங்களின் விதை கைக்கு வந்துவிடுவது எளிதாக நேரும் தவறு என்பதால், கீழ்க்காணும் வேறுபாடுகளைச் செடி பூத்துக் காய்த்த நிலையில் நேரில் பார்த்துக்கொள்வது நல்லது.

• சாலையோரங்களில் மிகுதியாகக் காணப்படும் குரோட்டலேரியா பாலிடாவுக்கும் மூன்று சிற்றிலைகளே உண்டு. ஆனால் அதன் காய்கள் கதிரில் நெருக்கமாகக் கீழ்நோக்கி அடுக்கப்பட்டிருக்கும். லாபர்னிஃபோலியாவின் காய் ஒவ்வொன்றும் தனித்தனியே நீண்ட காம்பில் தொங்கும்.
• குரோட்டலேரியா ரெட்யூசாவின் இலை ஒற்றையானது, நுனியில் மழுங்கி அகன்றது. மஞ்சள் பூவில் செம்பழுப்புக் கோடுகள் ஓடும்.
• குரோட்டலேரியா வெருகோசாவின் பூ நீலம் கலந்தது, தண்டு நான்கு பட்டை கொண்டது. நாட்டு மருத்துவ நூல்களில் கிலுகிலுப்பை எனப்படுவது பெரும்பாலும் இதுவே.
• பசுந்தாள் உரத்துக்காக உழவர் விதைக்கும் சணப்பு, குரோட்டலேரியா ஜன்சியா. ஒரே பருவத்தில் முடிந்துவிடும் ஓராண்டுச் செடி.

ஐயம் நீங்காவிட்டால், பூவும் காயும் கொண்ட ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி உலர்த்தி, மானசகங்கோத்ரி வளாகத்தில் உள்ள மைசூர்ப் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையினரிடம் காட்டிக் கேட்கலாம்.

விதைக்கும் முன் அறிய வேண்டிய பாதுகாப்பு

இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்த பகுதிக்குச் செல்லக் கூடாது. குரோட்டலேரியா செடிகளில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு எனப்படும் கசப்பு நஞ்சு உண்டு. தின்ன வரும் விலங்குகளிடமிருந்து தன்னைக் காக்கச் செடி உண்டாக்கும் இப்பொருள், உடலுக்குள் சென்றபின் கல்லீரலில் மாற்றமடைந்து அக்கல்லீரலையே சிதைக்கிறது. இனத்துக்கு இனம் நஞ்சின் அளவு மாறுபடும் என்றாலும், வீட்டில் வளர்ப்பவர் எல்லா இனங்களையும் நஞ்சாகவே கொள்ள வேண்டும். 1970-களில், அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜா மாவட்டத்தில், சாமை போன்ற சிறுதானியத்தோடு கலந்துவிட்ட கிலுகிலுப்பை இன விதைகளை அறியாமல் உண்ட மலைக்கிராம மக்களிடையே வயிற்றில் நீர் கோக்கும் கல்லீரல் நோய் பரவிப் பலர் மாண்டனர். தோட்டத்தில் இரண்டு மூன்று செடி நிற்பதால் அத்தகைய ஆபத்து நேராது. உணவுப் பாதையில் அதன் விதையும் இலையும் புகுவதே ஆபத்து. ஆகவே:

1. ராகி, சாமை, அவரை, கீரை விதைக்கும் பாத்திகளின் ஓரத்தில் கிலுகிலுப்பையை வளர்க்கக் கூடாது.

2. ஓசையிடும் காய் குழந்தைகளை ஈர்க்கும். விளையாட்டுப் பொருளாக அதைக் கொடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், காய் பிடிக்கும் முன்பே பூங்கதிர்களை வெட்டிவிடுவது பாதுகாப்பானது.

3. வெட்டிய கிளைகளைத் தெருவில் போடக் கூடாது. மைசூரின் புறநகர்த் தெருக்களில் பசுக்களும் ஆடுகளும் தாமே மேய்ந்து திரிபவை. பச்சைச் செடியின் கசப்பை ஒதுக்கும் மாடு காய்ந்த தழையைத் தின்றுவிடக்கூடும், காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை. கழிவை ஆழக் குழிதோண்டிப் புதைப்பதே முறை.

4. விதையைக் கையாளும்போது கையுறையும், உப்புத்தாளில் தேய்க்கும்போது முகக்கவசமும் அணிய வேண்டும். அதற்குப் பயன்படுத்திய பாத்திரம் மீண்டும் அடுப்படிக்குப் போகக் கூடாது.

5. இச்செடியைக் கொண்டு வீட்டுக் கஷாயம் எதுவும் செய்யக் கூடாது. யாரேனும் விதையை விழுங்கிவிட்டால் அறிகுறி தோன்றும்வரை காத்திராமல், செடியின் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கல்லீரல் பாதிப்பு பல நாள் கழித்தே வெளியில் தெரியும்.

விதை சேகரித்தல்

மழைக்காலத்தின் இறுதியில் பூக்கும் செடிகளில் பொங்கலையொட்டியும் அதற்குப் பின்னும் காய் முற்றும். காய் பழுப்பேறி, காம்பை அசைத்ததும் உள்ளே விதை உருளும் ஓசை கேட்பதே பருவம். பச்சைக் காயைப் பறித்து உலர்த்தினால் விதை சுருங்கிப் பயனற்றுப்போகும். மைசூரை ஒட்டிய சாமுண்டி மலையில் இச்செடியைக் கண்டாலும், அது காப்புக்காடாகும். வனத்துறை அனுமதியின்றி அங்கே விதை பறிப்பது சட்டமீறல். உரிமையாளரின் இசைவோடு தனியார் தரிசு நிலங்களில் நிற்கும் செடிகளிலிருந்தோ, ஏற்கெனவே வளர்ப்பவரிடமிருந்தோ பெறுவதே சரியான வழி. அங்கும் ஒரு செடியில் சில காய்களை மட்டும் எடுத்து மிச்சத்தை மண்ணுக்கு விட வேண்டும்.

காய்களை உடைக்கும் முன் ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்ப்பது அவசியம். குண்டூசித் தலையளவு ஓட்டை இருந்தால் உள்ளே புழு நுழைந்து விதையைக் குடைந்திருக்கும். ஓசை மெலிந்த காயும் அத்தகையதே. நல்ல விதை சிறுநீரக வடிவில், வழவழப்பாக, நகத்தால் அழுத்தினால் பதியாத கடினத்தோடு இருக்கும். நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் இட்டு, ‘நஞ்சு – விதைக்க மட்டும்’ என்று எழுதி ஒட்டி, சமையலறைக்கு வெளியே எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். பயறு போல் தோன்றும் பொருளை எழுத்தின்றி வைப்பதை எந்த வீட்டிலும் அனுமதிக்கக் கூடாது.

இடமும் மண்ணும்

நாள் முழுதும், குறைந்தது ஆறு மணி நேரமாவது, நேர்வெயில் விழும் இடம் வேண்டும். மைசூரைச் சுற்றிப் பரவலாகக் காணப்படும் மணல் கலந்த செம்மண் இச்செடிக்கு அப்படியே ஏற்றது. தோட்டத்துச் சிறந்த மண்ணை இதற்கு ஒதுக்குவது தேவையற்றது மட்டுமன்று, தீங்கானதும்கூட. அவரைக் குடும்பச் செடிகளின் வேரில் உள்ள முடிச்சுகளில் ரைசோபியம் முதலான பாக்டீரியாக்கள் தங்கிக் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவுக்கு மாற்றித் தருகின்றன. மண்ணில் யூரியாவோ மிகுந்த தொழுவுரமோ இருந்தால் செடி அந்த உறவை நாடுவதில்லை. அப்போது இலை மட்டும் கொழுத்துத் தண்டு சாய்ந்து, பூ குறைந்துபோகும். ரோஜாவுக்குத் தோண்டுவதுபோல் குழி தோண்டி எரு நிரப்பும் பழக்கம் உள்ளவர்களே இச்செடியில் அதிகம் தோற்கிறார்கள்.

முப்பதுக்கு நாற்பது அடி மனையில் புதுவீடு கட்டியவர்கள் வேறொரு சிக்கலைச் சந்திப்பார்கள்: சுற்றுச்சுவரோரம் நிரப்பப்பட்ட மண்ணுக்கடியில் சிமெண்டுக் கட்டியும் ஓட்டுச்சில்லும் புதைந்திருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் இரண்டடி ஆழம் தோண்டி இடிபாட்டை அகற்றிச் செம்மண் நிரப்புவது கட்டாயம். தண்ணீர் வடிகிறதா என்றறிய, ஓரடிக் குழியில் ஒரு வாளி நீர் ஊற்றி, அது ஊறி வடிந்ததும் மறுபடி ஊற்றிப் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய நீர் அரை நாள் கழித்தும் தேங்கி நின்றால், பாத்தியை முக்காலடி உயர்த்தி மேடாக்கிக்கொள்ள வேண்டும். நஞ்சன்கூடு பக்கத்துக் கரிசல் நிலத்தார்க்கு மேட்டுப்பாத்தியைத் தவிர வேறு வழியில்லை.

விதை நேர்த்தி

கிலுகிலுப்பை விதையின் தோல் நீர்புகா வகையைச் சேர்ந்தது. இயற்கையில் வெயிலும் மழையும் மாறிமாறித் தாக்கித் தோல் விரிசல் விடும்வரை விதை ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்கும். அந்த உறக்கத்தைக் கலைக்காமல் விதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று பாத்தியைக் கொத்திவிடுவது பொதுவாக நேரும் தவறு.

1. இரண்டு உப்புத்தாள்களுக்கிடையே விதைகளை இட்டு, பளபளப்பு மங்கும்வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். உள்ளிருக்கும் வெளிர்ப்பருப்பு தெரிந்துவிட்டால் தேய்த்தது மிகை; அந்த விதை அழுகிவிடும்.

2. விதை மிகுதியாக இருந்தால் தேய்ப்பதற்குப் பதிலாக வெந்நீர் முறையைக் கையாளலாம். நீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, கொதி அடங்கிச் சில நிமிடம் ஆறியபின் விதையை அதில் போட்டு, அப்படியே இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். அடுப்பின்மேல் கொதிக்கும் நீரில் போட்டால் முளைக்கருவே வெந்துபோகும்.

3. காலையில் பருத்த விதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, பருக்காதவற்றுக்கு மறுபடி ஒருமுறை நேர்த்தி செய்யலாம். மிதப்பவை பெரும்பாலும் பொக்கு.

4. தட்டைப்பயறுக்கு உரிய ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கிலுகிலுப்பைக்கும் பொருந்தும். வேளாண் அறிவியல் நிலையங்களிலோ உரக்கடைகளிலோ கேட்டு, காலாவதி நாள் பார்த்து வாங்க வேண்டும். ஆறிய சோற்றுக் கஞ்சியில் அதைக் குழைத்து, விதையில் மெல்லப் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும். வெயிலில் உலர்த்தினாலோ பூஞ்சைக்கொல்லி கலந்தாலோ நுண்ணுயிர் செத்துவிடும்.

குறிப்பு: நுண்ணுயிர் உரம் கிடைக்காவிட்டால் சணப்போ காட்டுக் கிலுகிலுப்பையோ நன்கு வளர்ந்த இடத்தின் வேர்மண் இரண்டு கைப்பிடி போதும்; நோயுற்று வாடிய செடியின் அடிமண்ணை மட்டும் எடுக்கக் கூடாது.

விதைப்பு

ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை பெறும் மைசூரில், ஏப்ரல்–மே மாதங்களில் இடியோடு வரும் கோடைமழையும், செப்டம்பர்–அக்டோபரில் பெய்யும் பெருமழையும் இரண்டு உச்சங்களாகும். இடைப்பட்ட தென்மேற்குப் பருவத்தில் சாரல் மிதமானதே. மே இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதிக்குள் விதைத்தால், அக்டோபர் மழை வரும்போது செடி வேரூன்றித் தாங்கும். ஆகஸ்டுக்குப் பின் விதைத்த நாற்றுகள் அந்த மழையில் அழுகக் காண்பதே வழக்கம்.

1. பாத்தியைக் களையெடுத்து ஒருமுறை நனைத்து, முளைத்துவரும் களையையும் இரண்டு வாரம் கழித்து நீக்க வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கினால் தோலில் ஒவ்வாமை வரும், கையுறை தேவை.

2. இரண்டடி இடைவெளியில், ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில், குழிக்கு மூன்று விதை வீதம் இட்டு மண்ணை விரலால் அழுத்த வேண்டும்.

3. பூவாளியால் நீர் தெளித்து, முளைவரும்வரை மேல்மண் காயாமல் காக்க வேண்டும். நேர்த்தி செய்த விதை பெரும்பாலும் பத்து நாளுக்குள் முளைக்கும்.

4. நான்கு இலை வந்ததும் குழிக்கு ஒன்றை விட்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும்; ஒரு குழியில் மட்டும் ஒரு மிகை நாற்றைப் பின்னர் வேர் பார்ப்பதற்காக விட்டுவைக்கலாம். பிடுங்கினால் நிற்கும் நாற்றின் வேரும் அசையும்.

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடும் முறை இதற்கு ஒத்துவராது. தவிர்க்க முடியாவிட்டால் ஆழமான காகிதக் குழாய்களில் விதைத்து, குழாயோடு சேர்த்து நட்டுவிடலாம்.

முதல் ஆண்டு

விதைத்த நாற்பது நாளில், வெட்டாமல் விட்ட ஒரு மிகை நாற்றை மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பார்ப்பது நல்லது. வேரில் கடுகளவு முடிச்சுகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உட்புறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்நிறம், நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஒத்த ஒரு புரதத்தால் வருவது; முடிச்சு வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. உட்புறம் வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால், நுண்ணுயிர் உரத்தை மண்ணோடு கலந்து செடியடியில் மறுமுறை இடலாம். அதற்காக யூரியா தூவக் கூடாது.

செடி ஓரடி உயர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகும். முதல் மூன்று வாரத்துக்குப் பின், மழை இரண்டு வாரம் தொடர்ந்து பொய்த்தால் மட்டுமே நீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் குழாய்நீர் பாய்ச்சப்படும் புல்தரையின் நடுவே இதை வைத்தால் வாடல் நோய் வந்து, பச்சை இலையோடு ஒரே வாரத்தில் தலைதொங்கிவிடும். அவ்வாறு வாடிய செடியைக் காப்பாற்ற வழியில்லை, வேரோடு அகற்றிவிட்டு அந்த இடத்தில் ஓராண்டு எதையும் விதைக்காமல் விடலாம்.

துணையாகக் கொத்துப்புற்கள் இருந்தால் புல்வெளியின் இயல்பு கூடும். எலுமிச்சைப்புல்லின் பேரினத்தைச் சேர்ந்த மணப்புற்களும், தரையோடு படரும் விஷ்ணுகிரந்தியும் பொருந்துபவை. ஊசிப்புல்லின் முள் நாய், பூனைகளின் தோலில் தைக்கும் என்பதால் வீட்டில் வேண்டாம். தீவனப்புல்லைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அறுக்கும்போது கிலுகிலுப்பைத் தழையும் கட்டோடு சேர்ந்து மாட்டுத்தொட்டிக்குப் போய்விடும்.

பூவும் பூச்சிகளும்

பூ விரிந்த காலைகளில் தச்சுத்தேனீ எனப்படும் பெரிய கருவண்டு வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அதன் எடை பக்க இதழ்களில் அழுந்தியதும் கீழிதழ் இறங்க, உள்ளே சேர்ந்துள்ள மகரந்தம் இடியாப்ப உரலிலிருந்து மாவு வருவதுபோல் அலகின் நுனி வழியே மெல்லிய இழையாகப் பிதுங்கி வண்டின் வயிற்றில் ஒட்டுகிறது. வண்டு எழுந்ததும் இதழ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். உலர்ந்த மரத்துண்டு ஒன்றைத் தோட்டத்து மூலையில் விட்டுவைத்தால் அவ்வண்டு அதைத் துளைத்துக் கூடமைக்கும். வீட்டு உத்தரத்தைத் துளைப்பதற்கு அது மேல்.

வெண்சிறகில் சிவப்பும் கருப்புமாகப் புள்ளிகள் கொண்ட ஓர் அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுவும், பட்டாணி நீலன் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இச்செடியின் காயையும் மொட்டையும் குடையும். இவற்றைக் கொல்ல மருந்து தெளிப்பது, காட்டுப்பூ வளர்ப்பதன் நோக்கத்தையே கெடுப்பதாகும். விதை வேண்டும் என்பவர் நான்கைந்து கதிர்களை மட்டும் மெல்லிய வலைத்துணிப் பையால் மூடிவைத்து, மிச்சத்தைப் புழுக்களுக்கு விட்டுவிடலாம். அசுவினி மொய்த்தால் நீரைப் பீய்ச்சினாலே போதும்.

நீல வரியன், வெந்தய வரியன், வெண்புள்ளிக் கருப்பன் ஆகிய வண்ணத்துப்பூச்சிகளின் ஆண்கள் இச்செடிக்கு வருவது தேனுக்காக அன்று. காய்ந்த இலையிலும் அடிபட்ட தண்டிலும் உறிஞ்சுகுழலை ஊன்றி, மேலே சொன்ன அதே நஞ்சை அவை உறிஞ்சி உடலில் சேர்த்துக்கொள்கின்றன. பறவைகள் தீண்டாதிருக்கவும், பெண்ணை ஈர்க்கும் மணப்பொருளை ஆக்கவும் அது அவற்றுக்குப் பயன்படுகிறது. இவ்வகை வண்ணத்துப்பூச்சிகளில் பல தென்மேற்குப் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கிலுள்ள சமவெளிக்கும் இடையே கூட்டமாக வலசை செல்பவை. மைசூர் அவ்வழியில் உள்ள ஊர். எனவே ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு கிளையைப் பாதி ஒடித்து, செடியிலேயே வாடித் தொங்கவிடுவது மிகப் பயனுள்ள உத்தி. அது அசிங்கமாகத் தெரிகிறது என்று தோட்டக்காரர் வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவர் பொறுப்பு.

கோடையும் கவாத்தும்

1. விதை எடுத்தபின், பிப்ரவரியில், செடியை மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் குறைக்கலாம். வண்ணத்துப்பூச்சிக்காக ஒரு செடியைத் தொடாமல் விட வேண்டும். பழைய மரத்தண்டு வரை வெட்டினால் துளிர்க்காமல் போகலாம்.

2. காய்ந்த புல்லை அரிவாளால் அறுத்து மூடாக்காகப் பரப்ப வேண்டும். தீயிட்டுக் கொளுத்தக் கூடாது. சாமுண்டி மலையில் கோடைதோறும் புல் தீப்பற்றும் அச்சம் இருப்பதால், அடிவாரத்துக் குடியிருப்பினர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

3. மிஞ்சிய விதையை மலையிலோ, குக்கரஹள்ளி ஏரிக்கரையிலோ தூவுவது நற்செயல் போலத் தோன்றினாலும் செய்யத்தக்கதன்று. எங்கிருந்து வந்த விதை என்றறியாமல் காட்டில் கலப்பது அங்குள்ள இயற்கைக் கூட்டத்தைக் குழப்பும். இந்தியாவுக்கு உரிய குரோட்டலேரியா ஸ்பெக்டாபிலிஸ், மண்வளம் கூட்டுவதற்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டு, இன்று அங்கே கால்நடைகளைக் கொல்லும் களையாக நிற்கிறது.

4. செடி சில ஆண்டுகளில் அடிமரம் தடித்துப் பூ குறையத் தொடங்கும். அதற்கு ஓராண்டு முன்பே, பழைய செடியின் வேரில் இடிக்காத தொலைவில் அடுத்த தலைமுறைக்கான விதையை ஊன்றி, புதிய செடி முதல் பூ பூத்தபின் பழையதை அடியோடு அறுத்துவிடலாம். வேரைத் தோண்டி எடுக்க வேண்டியதில்லை. முடிச்சுகளில் சேர்ந்த நைட்ரஜன் மண்ணிலேயே மட்கட்டும்.